கல்லாற்றுப் பாட்டும் கணினியின் முதல் பத்து நொடியும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன் கல்லாறு வருகிறது. பெயரில் மிகை ஏதும் இல்லை: உருண்டு மழுங்கிய பாறைகள், அவற்றினிடையே தெளிந்த நீர். சுற்றுலாப் பயணிகள் மீன்முட்டி அருவிக்குச் செல்லும் வழியாக இவ்வூரை அறிவர். மொழியியலார் அறிவது வேறொரு காரணத்தால். இம்மலையடிவாரமும் இதனை ஒட்டிய அகத்தியமலைக் காடுகளும் காணிக்காரர் வாழும் நிலம். எல்லைக்கு இப்பால் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் அவர்கள் வாழ்கின்றனர். அவர்களின் பேச்சைத் தமிழோடு வைப்பதா, மலையாளத்தோடு வைப்பதா, தனியே வைப்பதா என்று வாதிடுவோர் பலர். வாதத்துக்கு முன் வேண்டியது ஒலிப்பதிவு. 2018இல் பத்மஸ்ரீ பெற்ற லட்சுமிக்குட்டி அம்மா கல்லாற்றைச் சேர்ந்தவர். நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை நினைவிலேயே வைத்திருப்பவராக அறியப்பட்டவர். நினைவையே ஏடாகக் கொண்ட சமூகத்தில் ஒருவர் மறையும்போது எவ்வளவு மறைகிறது என்பதை இவ்வூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய பதிவுகளுக்காக ஓர் ஆய்வு மாணவி மூன்று பருவங்கள் கல்லாற்றுக்குப் போய்வந்தார். உரிய அனுமதிகளோடும் பாடியவரின் இசைவோடும், நோய் நீங்கவென இரவில் பாடப்படும் சாற்றுப்பாட்டைப் பதிவு செய்தார். பாடியவர் பிலாத்தி எனப்படும் மருத்துவப் பூசாரி, எழுபதைக் கடந்தவர். கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசிக்கொண்டே நெடுநேரம் பாடுவார். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரு தடம் என்னும் அளவில் ஒரு மணி நேர ஒலிக்கு ஏறத்தாழ 1 ஜிபி இடம் வேண்டும். மெமரி கார்டு நிரம்பியதும் துறையின் ஆய்வகக் கணினிக்குக் கோப்புகளை மாற்றிவிட்டு, அதே கார்டை அழித்து மீண்டும் மலைக்கு எடுத்துச்சென்றார். களப்பணி செய்தவர்கள் இந்த வாக்கியத்தில் தவறு எங்கே இருக்கிறது என உடனே கண்டுகொள்வர். செய்யப்போகிறவர்கள் இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் பருவம் முடிந்த மறு ஆண்டில் அம்முதியவர் காலமானார். அதே ஆண்டுத் துலாமாத இடிமழையில் ஆய்வகக் கணினி ஒரு காலையில் எழவில்லை.

வன்தட்டுகள் நான்கும் நலமாகவே இருந்தன. பழுதானது, அவற்றையும் மதர்போர்டையும் இணைத்திருந்த உள்ளங்கையளவு பலகை ஒன்று. கடையில் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் கார்டு என்று கேட்டால் தருவார்கள். நான்கு வன்தட்டுகளையும் ரெய்டு 5 முறையில் ஒரே பெருந்தட்டாகக் கணினிக்குக் காட்டியது அதுதான். ஒரு தட்டு பழுதானால் மற்ற மூன்றைக் கொண்டு தரவை மீட்கலாம் என்பது அம்முறையின் உறுதிமொழி. கார்டே பழுதானால் என்ன செய்வது என்று அந்த உறுதிமொழியில் இல்லை. நான்கையும் வேறொரு கணினியில் பொருத்தியபோது, நான்கும் உயிரோடு சுழன்றன. எதிலும் படிக்கத்தக்க ஒரு கோப்பும் இல்லை. தரவு துண்டுதுண்டாக நான்கின்மீதும் பரவிக் கிடந்தது. எந்தத் துண்டு எங்கே என்ற கணக்கு கார்டு தன் வழக்கில் எழுதிவைத்த குறிப்பில் இருந்தது. ஒரே ஒரு பேச்சாளர் கொண்ட மொழியில் எழுதப்பட்ட நூல் போல.

இக்கதை நல்லபடியாக முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். பல மாதத் தேடலுக்குப் பின் அதே வகைக் கார்டு ஒன்று பழைய சந்தையில் கிடைத்தது. வன்தட்டுகளில் இருந்த குறிப்பை அது ‘அயல் அமைப்பு’ என்று அடையாளம் கண்டு, ஏற்றுக்கொள்ளவா என்று கேட்டது. மாணவி ஏற்கச் சொன்னார். கோப்புகள் எழுந்தன, அன்றே எல்லாம் படியெடுக்கப்பட்டன. எழுத வேண்டியது அதற்குப் பிறகு எழுந்த கேள்வியைப் பற்றி: அடுத்து எந்தக் கார்டை வாங்குவது? விடை எளிது என்றே எல்லாரும் எண்ணினர். துறைத்தலைவர் விலையைக் கேட்டார், நண்பர்கள் வேகத்தைக் கேட்டனர். இரண்டும் தவறான கேள்விகள்.

ஆய்வகக் கணினியில் இரண்டு இயங்குதளங்கள் தேவைப்பட்டதுதான் சிக்கலின் வேர். சொல்லகராதிக்கும் உருபனியல் பகுப்புக்கும் பயன்படும் எஸ்ஐஎல் நிறுவனத்தின் ஃபீல்டுவொர்க்ஸ், முதன்மையாக விண்டோசுக்கென வளர்ந்த மென்பொருள். பேச்சறிதலுக்கான கால்டி முதலியவை லினக்சைத் தாயகமாகக் கொண்டவை. ஆம்ஸ்டர்டாமில் உருவான பிராட், நைமேகன் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஈலான் ஆகியவை இரண்டிலும் இயங்கும். ஆகவே மொழியியல் ஆய்வகத்தில் ஒருவர் காலையில் விண்டோசிலும் மாலையில் லினக்சிலும் அதே ஒலிக்கோப்பைத் திறப்பது அன்றாட நடைமுறை. மெய்நிகர்க் கணினி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள், 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினியில் அதை ஒருமுறை முயன்று பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

ஒரே கணினியில் இரு இயங்குதளம் என்பது தமிழக மாணவர்களுக்குப் புதிதன்று. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே வந்தன. திறந்ததும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். கேரளத்துப் பிள்ளைகள் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் வழியாகப் பள்ளியிலேயே லினக்சோடு வளர்ந்தவர்கள். அத்திட்டமே 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. இந்த இரு அனுபவங்களும் ஒரு தவறான நம்பிக்கையை விதைத்துள்ளன: ஒரு வன்தட்டைப் பிரித்து இரு இயங்குதளங்களை ஏற்றுவது எளிது என்று. மடிக்கணினியில் அது எளிதாக இருந்ததற்குக் காரணம், அதன் வன்தட்டு மதர்போர்டின் சிப்செட்டோடு நேரே பேசியது. நடுவே கார்டு வந்து அமர்ந்ததும் நிலைமை மாறிவிடுகிறது.

எளிது என்ற அந்த நம்பிக்கையோடுதான் மாணவி முதல் கார்டை வாங்கினார். பெட்டியின்மேல் விண்டோஸ், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி என மூன்றின் பெயரும் அச்சாகியிருந்தன. பொருத்தி, புதிய வன்தட்டில் உபுண்டுவை நிறுவினார். நிறுவுதல் பிழையின்றி முடிந்தது. கணினியை மறுபடி இயக்கினார். துவக்கத்தக்க கருவி எதுவும் இல்லை என்றது திரை. நிறுவியவர் கண்முன்னே எழுதப்பட்ட வன்தட்டு, அடுத்த நிமிடத்தில் கணினிக்குத் தெரியவில்லை.

பெட்டி பொய் சொல்லவில்லை. அதன் பட்டியல் வேறொரு கேள்விக்கான விடை. ஓர் இயங்குதளம் எழுந்து நின்ற பிறகு அந்தக் கார்டோடு பேச அதனிடம் இயக்கி உண்டு என்பதே ‘ஆதரவு’ என்ற சொல்லின் பொருள். இயங்குதளம் இன்னும் எழாத நேரத்தில், அது வன்தட்டிலேயே உறங்கிக்கொண்டிருக்கும்போது, அதை எடுத்துவர யார் வன்தட்டோடு பேசுவது என்பது வேறு கேள்வி. லினக்சை நிறுவியது பென்டிரைவிலிருந்து எழுந்த லினக்ஸ். அதனிடம் இயக்கி இருந்தது, ஆகவே வன்தட்டைக் கண்டது. மறுமுறை இயக்கியபோது அங்கிருந்தது மதர்போர்டின் ஃபர்ம்வேர் மட்டுமே. அதற்கு அந்தக் கார்டின் மொழி தெரியாது.

இந்த முதல் பத்து நொடியைப் புரிந்துகொள்ளாமல் கார்டு தேர்ந்தெடுக்க முடியாது. பழைய பயாஸ் கணினிகளில் நடப்பது இது. ஃபர்ம்வேர் விழித்து, வன்தட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் எடுத்து நினைவகத்தில் வைத்து, அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். அந்த 512இல் 446 பைட்டுகள் நிரலுக்கு. 64 பைட்டுகள் நான்கே நான்கு பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கு. மீதி இரண்டு, ‘இது துவக்கத் தட்டு’ என்னும் முத்திரை. இவ்வளவு சிறிய வாசல் வழியாகத்தான் ஒவ்வொரு இயங்குதளமும் உள்ளே வந்தது. ஆனால் அந்த 512 பைட்டுகளை எடுப்பதற்கே ஃபர்ம்வேர் வன்தட்டை அடைய வேண்டும். தான் அறியாத கார்டு நடுவே இருந்தால், அந்தக் கார்டே தன்னோடு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவர வேண்டும். ஆப்ஷன் ரோம் என்பது அதுதான்: கார்டின் சில்லு ஒன்றில் உறையும் சிறு நிரல். கம்பெனிக் காலத்துத் துபாஷியைப் போல, இரு தரப்பும் ஒருவரையொருவர் அறியாத நேரத்தில் மட்டும் அவருக்கு வேலை. இயங்குதளம் எழுந்து தன் இயக்கியால் நேரே பேசத் தொடங்கியதும் துபாஷி விலகிக்கொள்வார். துபாஷிகளுக்கு ஒதுக்கப்பட்ட திண்ணையும் சிறியது; நினைவகத்தின் கீழ்ப்பகுதியில் எல்லாக் கார்டுகளுக்கும் சேர்த்து 128 கேபி, அதிலும் திரைக்கார்டு தன் பங்கை முதலில் எடுத்துவிடும். இரண்டு மூன்று கார்டுகளைப் பொருத்தியவர்கள், கடைசிக் கார்டின் ரோமுக்கு இடமில்லை என்ற செய்தியைக் கண்டிருப்பார்கள்.

யூஇஎஃப்ஐ வந்தபின் துபாஷியின் மொழியே மாறிவிட்டது. பழைய ஆப்ஷன் ரோம் மட்டும் கொண்ட கார்டு, தூய யூஇஎஃப்ஐ கணினியில் ஊமை. இடைக்காலத்தில் பல மதர்போர்டுகள் பழைய பயாஸைப் போல நடிக்கும் சிஎஸ்எம் என்னும் பகுதியைத் தந்தன. 2020க்குள் அதைக் கைவிடப்போவதாக இன்டெல் 2017இலேயே அறிவித்துவிட்டது. செக்யூர் பூட் இயங்கும் கணினியிலோ, யூஇஎஃப்ஐ ரோம் இருந்தால் மட்டும் போதாது. அது அக்கணினி ஏற்கும் கையொப்பத்தோடும் இருக்க வேண்டும். மாணவி வாங்கிய கார்டில் பழைய ரோம் மட்டுமே இருந்தது. ஆய்வகக் கணினியில் சிஎஸ்எம் அணைக்கப்பட்டிருந்தது. பெட்டியின்மேல் மூன்று இயங்குதளங்களின் பெயரை அச்சிட்டவர்கள், இந்த ஒரு வரியை அச்சிட இடம் கண்டிருக்கலாம்.

ஆய்வகத்தின் மூத்த தொழில்நுட்ப உதவியாளர் பாறசாலைக்காரர். மாணவியிடம் தமிழிலும் மற்றவர்களிடம் மலையாளத்திலும் சலித்துக்கொள்பவர். அவருக்கு இதெல்லாம் பழங்கதை. “மோளே, எக்ஸ்பி காலத்துல எஃப்6 அழுத்தி, ஃப்ளாப்பியிலிருந்து டிரைவர் கொடுத்தாத்தான் தட்டே தெரியும். அந்த ஃப்ளாப்பியைத் தேடியே பாதி நாள் போயிரும்” என்றார். விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவும்போது நீலத்திரையின் அடியில் சில நொடிகள் மட்டும் தோன்றும் அந்த வரியைத் தவறவிட்டால், ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். ஃப்ளாப்பி டிரைவ் இல்லாத கணினியானால் அதற்கும் வழியில்லை. விஸ்டாவிலிருந்துதான் இயக்கியைப் பென்டிரைவில் தரலாம் என்றாயிற்று. மாணவி இதைக் கேட்டு, “சேட்டா, அப்போ ஆப்ஷன் ரோம் இருந்தாலும் இயக்கி தனியா வேணுமா?” என்றார். அவர் தலையசைத்தார். கார்டு தேர்வில் பாதியை அந்தக் கேள்வி தீர்த்துவிட்டது.

விண்டோஸ் எழுவது இரண்டு ஆள் மாறும் அஞ்சலோட்டம். முதல் பாதியில் அதன் துவக்க நிரல், ஃபர்ம்வேரின் உதவியோடு கருநிரலையும் உடனடித் தேவையான இயக்கிகளையும் வன்தட்டிலிருந்து எடுக்கிறது. இதற்கு துபாஷி வேண்டும். இரண்டாம் பாதியில் கருநிரல் தன் சொந்த இயக்கியால் அதே வன்தட்டை மறுபடி அணுகுகிறது. இதற்கு இயக்கி வேண்டும். முதலாவது இல்லையென்றால் கருவி இல்லை என்ற செய்தி. இரண்டாவது இல்லையென்றால் சற்றுநேரம் சுழன்றுவிட்டு, துவக்கக் கருவியை அணுக முடியவில்லை என்னும் நீலத்திரை. இரண்டும் பயனருக்கு ‘எழவில்லை’ என்ற ஒரே துன்பம், காரணங்களோ எதிரெதிர். எந்தத் திரை வந்தது என்று சொல்லாமல் உதவி கேட்பவர்களுக்கு யாரும் உதவ முடியாமற்போவது இதனால்தான்.

லினக்சும் இதே ஓட்டத்தைத்தான் ஓடுகிறது. ஆனால் ஒரு வசதி உண்டு. கருநிரலும், தேவையான இயக்கிகளைச் சுமந்துவரும் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு மூட்டையும் ஒரு வன்தட்டில் இருக்கலாம். மீதி இயங்குதளம் முழுவதும் ஃபர்ம்வேர் கண்ணுக்கே தெரியாத இன்னொரு வன்தட்டில் இருக்கலாம். மூட்டையில் சரியான இயக்கி இருந்தால் போதும். (சில லினக்ஸ் வகைகள் அப்போதுள்ள வன்பொருளுக்கு உரியதை மட்டும் மூட்டையில் கட்டும்; கார்டை மாற்றும் முன் மூட்டையைத் திரும்பக் கட்டாவிட்டால் வழியில் பட்டினிதான்.) விண்டோசில் அவ்வாறு பிரித்து வைப்பதற்கு வழியில்லை. அதன் துவக்க நிரலை வேறு தட்டில் வைத்தாலும், கருநிரல் உள்ள தட்டை ஃபர்ம்வேர் கண்டாக வேண்டும்.

இந்த ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொண்டதும் மாணவி தன் கேள்வியைத் திருத்திக்கொண்டார். பல இயங்குதளங்களைத் துவக்கும் கார்டு எது என்று தேடிக்கொண்டிருந்தவர், கார்டு எதையேனும் துவக்கத்தான் வேண்டுமா என்று கேட்டார். மதர்போர்டில் ஒரு சாட்டா முனை காலியாக இருந்தது. ஃபர்ம்வேருக்குப் பிறப்பிலேயே தெரிந்த முனை அது. அதில் ஒரு சிறு எஸ்எஸ்டி. அதில் விண்டோஸ் முழுவதும், லினக்சின் துவக்கப் பகுதியும். கல்லாற்றுப் பதிவுகள் உள்ள பெரிய வன்தட்டுகள் மட்டும் கார்டில். கார்டுக்கு இப்போது துவக்கும் பொறுப்பு இல்லை. இரு இயங்குதளங்களும் எழுந்தபின் அறிந்துகொள்ளும் மொழியில் பேசினால் போதும்.

காலி முனையே இல்லாதவர்களுக்கு, கார்டிலிருந்தே துவக்கியாக வேண்டியவர்களுக்கு, பொதுமொழி பேசும் கார்டே புகல். 2004இல் இன்டெல் வகுத்த ஏஎச்சிஐ அத்தகைய பொதுமொழி. அதைப் பேசும் கார்டு எந்த நிறுவனத்துடையதானாலும், விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோசும் லினக்சும் ஃப்ரீபிஎஸ்டியும் உடன்வரும் பொது இயக்கியாலேயே அதை அறியும். ஏஎஸ்மீடியாவின் இரு முனைச் சில்லு 1061, ஆறு முனைச் சில்லு 1166, ஜேமைக்ரானின் ஐந்து முனைச் சில்லு 585 ஆகியவை இவ்வகை. புதிய மதர்போர்டுகள் பலவும் இம்மொழியை ரோமின் உதவியின்றியே அறிந்துவைத்திருக்கின்றன. அப்படியும் பொதுமொழி என்பதாலேயே வழக்குவேறுபாடு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது: மார்வெல் 9230 சில்லுக்கென லினக்ஸ் கருநிரலில் தனி விதிவிலக்கே எழுதப்பட்டிருக்கிறது. மொழியியலாருக்கு இது வியப்பளிக்காது.

மாணவிக்கு எட்டு முனைகள் தேவைப்பட்டன. முதலில் கண்ணில் பட்டது எல்எஸ்ஐயின் 1068இ சில்லு கொண்ட கார்டு. பழைய சந்தையில் மிக மலிவு. வாங்கப்போன வேளையில் அதன் எல்லை தெரியவந்தது: 2 டிபிக்கு மேற்பட்ட வன்தட்டை அது முழுமையாகக் காணாது. 4 டிபி தட்டைப் பொருத்தினால் மீதியை இல்லையென்றே கொள்ளும். அடுத்த தலைமுறையான எஸ்ஏஎஸ் 2008 சில்லு கொண்ட 9211-8ஐ கார்டுக்கு அந்தக் குறை கிடையாது. அதற்கு இருவகை ஃபர்ம்வேர் உண்டு. ஐஆர் வகை ரெய்டு அமைக்கும். ஐடி வகை ஒவ்வொரு வன்தட்டையும் உள்ளது உள்ளபடி இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கும். ஐடியாக மாற்றும்போது துவக்க ரோமை எழுதலாம், எழுதாமலும் விடலாம். மாணவி எழுதாமல் விட்டார். விண்டோஸ் 10இல் இயக்கி உடன்வருகிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் உண்டு. ஆனால் 2019இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 அச்சில்லுக்கான ஆதரவைக் கைவிட்டது. ‘லினக்சில் இயங்கும்’ என்ற தொடர் எவ்வளவு தளர்ந்தது என்பதற்கு அதுவே சான்று. எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று கேட்காமல் காசு கொடுக்கலாகாது.

ஒரு வாரம் வீணானது கேபிளால். கார்டின் ஒரு முனையிலிருந்து நான்கு வன்தட்டுகளுக்குப் பிரியும் கேபிளில் இருவகை உண்டு: கார்டிலிருந்து தட்டுகளுக்குச் செல்வது ஒன்று, மதர்போர்டின் நான்கு முனைகளிலிருந்து ஒரே முனைக்குச் சேர்வது மற்றொன்று. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. தவறான வகையைப் பொருத்தினால் பிழைச்செய்திகூட வராது, வெறும் அமைதி. பாறசாலைக்காரர்தான் கேபிளின் உறையில் இருந்த பொடி எழுத்தைப் படித்துச் சொன்னார். கார்டின் சூட்டையும் அவரே கவனித்தார். இவ்வகைக் கார்டுகள் சர்வர் பெட்டியின் பலத்த காற்றோட்டத்தை எண்ணி வடிவமைக்கப்பட்டவை. குளிரூட்டி இல்லாத ஆய்வகத்தில் வெப்பத்தகடு தொட முடியாமல் கொதித்தது. சிறு விசிறி ஒன்றைக் கம்பியால் கட்டிவைத்தார். இன்றும் அப்படியே இருக்கிறது.

பழைய அமைப்பைப் போல ரெய்டு வேண்டுமா என்பது கடைசி விவாதம். கார்டின் ரெய்டு வேண்டாம் என்பதை இடிமழை முடிவு செய்துவிட்டது. லினக்சின் மென்பொருள் ரெய்டு எந்தக் கார்டையும் சாராதது, வேறு எந்த லினக்ஸ் கணினியிலும் எழக்கூடியது. ஆயினும் விண்டோசுக்கு அது புரியாது. இரு இயங்குதளத்திலும் திறக்க வேண்டிய பதிவுகளுக்கு எளிய வழியே எஞ்சியது: ஒரு தட்டு, ஒரு பிரிவு, என்டிஎஃப்எஸ். லினக்ஸ் கருநிரல் 2021இல் 5.15ஆம் பதிப்பிலிருந்து அதற்கு முழு எழுதுவசதியைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. இரண்டாம் தட்டில் இரவுதோறும் கோப்புகளின் படி. மூன்றாவது படி வேறு கட்டடத்தில். விண்டோசின் ‘வேகத் துவக்கம்’ அணைக்கப்பட்டது. அது அரைத்தூக்கத்தில் விட்டுச்செல்லும் தட்டில் லினக்ஸ் எழுத மறுக்கும், மறுப்பதே சரி.

கடிகாரமும் ஒரு சிறு தொல்லை தந்தது. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது; லினக்ஸ் அதை உலகப் பொதுநேரம் என்று கொண்டு ஐந்தரை மணி நேரம் கூட்டுகிறது. மாலை 4 மணிக்குத் திருத்திய எழுத்துப்பெயர்ப்பு இரவு 9.30க்குத் திருத்தியதாகப் பதிவாயிற்று. எந்தத் திருத்தம் முந்தியது என்பதைக் கோப்பின் நேரம் பார்த்து முடிவு செய்யும் ஆய்வில் இது சிறிய பிழையன்று. லினக்சில் ஒரு கட்டளையால் சரியானது.

எல்லாம் அமைந்த பின் மாணவி மறுபடி கல்லாற்றுக்குச் சென்றார். முதியவர் இருந்தபோது கொடுத்த வாக்கு ஒன்று பாக்கி இருந்தது: பாட்டின் படி குடும்பத்துக்கு வேண்டும். அவருடைய பேத்தி விதுராவில் படிப்பவர். வீட்டில் கணினி இல்லை, தொலைபேசி உண்டு. அந்தத் தொலைபேசிக்கு என்டிஎஃப்எஸ் புரியவில்லை. எஃப்ஏடி32 வடிவில் சிறு சிறு கோப்புகளாக வெட்டிய இன்னொரு பென்டிரைவை மாணவி பையிலிருந்து எடுத்தார். ஆற்றோரப் பாறையில் அமர்ந்து இருவரும் கேட்டனர். நீரின் இரைச்சலில் கொக்கரையின் ஒலி முதலில் பிரிந்து தெரியவில்லை, பின்னர் தெரிந்தது.

இரண்டாம் கோப்பின் நடுவே பேத்தி நிறுத்தச் சொன்னார். மாணவியின் எழுத்துப்பெயர்ப்பில் அவ்விடத்தில், பொருளற்ற இழுவை என்ற குறிப்போடு நான்கு அசைகள் அடைப்புக்குறிக்குள் இருந்தன.

“அது இழுவை இல்ல, சேச்சி. எங்க ஆளுங்க முன்னாடி குடியிருந்த இடத்தோட பேரு. தாத்தா அங்கேதான் பிறந்தாரு.”

மடிக்கணினியில் அடைப்புக்குறி நீக்கப்பட்டது. கோப்பில் அவ்வரி அன்று மாலை 4.20க்குத் திருத்தப்பட்டதாக இருக்கிறது.